ஜாம்பிக் கூட்டத்தில் காதம்மா

இதை எழுதுகிறவன் மைக்செட்காரரை முதன்முதலில் பார்த்தது ஓர் அலுவலகக் கூட்டத்தில். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் அவனுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. அதனால் நன்றியுரை வாசிக்க மேடைக்குக் கூப்பிட்டதும் நெஞ்சு அரை அடி முன்னால் போய் நின்றது. மைக்கை இழுத்து வாயோடு வைத்துக்கொண்டான். பக்கவாட்டிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் குனிந்தபடி வந்து, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுக் காதோடு சொன்னார்:

“தம்பி, அது ஐஸ்கிரீம் இல்ல. தள்ளி நின்னே பேசலாம்.”

கூட்டம் முடியும்வரை பின்வரிசையிலிருந்து “கேக்கல, கேக்கல” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அவர் சத்தத்தை ஒரு நூல்கூட ஏற்றவில்லை. எல்லாரும் போன பிறகு, வயர் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் ஏன் என்று கேட்டதற்கு, “ஜாஸ்தியா வச்சா ஒருத்தருக்குப் பிடிக்காது” என்றார். யாருக்கு என்று கேட்டதில் வந்ததுதான் இந்தக் கதை. டீக்கடை பெஞ்சில் பாதி சொன்னார், மீதியை வேனில் ஏறி உட்கார்ந்து சொன்னார்.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே சட்டென்று உறைக்காது. கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, செருப்புக் கடை திறப்பு என்று எது நடந்தாலும் அந்த வட்டாரத்தில் அவருடைய பெட்டிகள்தான் பேசும். கூரையில் கூம்பு ஹார்ன் கட்டிய பழைய வேன் ஒன்று, தோள் உயரத்துக்கு நாலைந்து ஸ்பீக்கர் பெட்டிகள், தகரம் உரிந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இவ்வளவுதான் சொத்து. பெருமை மட்டும் வேனில் அடங்காது. “என் செட்டு கூவி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்பார். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டால் ‘கூ’வென்று ஒரு சத்தம் வந்து பல்லைக் கூச வைக்குமே, அதைத்தான் கூவுவது என்பார்கள். அவர் செட்டு கூவியதில்லை. அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் மனைவிக்குச் சேர வேண்டியது.

கல்யாணமான புதிதில் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வருவாள். உள்ளே வரக் கூச்சம். கடைசி மூலையில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்பாள். ஒருநாள் இவர் இங்கே சத்தம் ஏற்றும் குமிழைத் திருகத் திருக, அங்கே அவள் முகம் புளி தின்றதுபோல் சுருங்குவதைக் கவனித்தார். குறைத்தார், முகம் விரிந்தது. கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார், மறுபடி சுருங்கியது. அடடா, இது ஆளில்லை, காது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அதிலிருந்து எங்கே செட்டு போட்டாலும் அவள் நேரே கடைசி மூலைக்குப் போய்விடுவாள். இவர், “ஹலோ, ஹலோ, கடைசி மூலை, கேக்குதா?” என்பார். அவ்வளவு தூரத்துக்குக் கத்திப் பேச முடியாது என்பதால் கையால்தான் பதில். உள்ளங்கையை வானம் பார்க்கத் தூக்கினால் ஏற்று. தரை பார்க்க அமுக்கினால் குறை. கையை மூடிக் காட்டினால் போதும், சாப்பிட வா. மண்டபத்துக் காவல்காரர்கள் அவளுக்குக் காதம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

“எப்பப் பாத்தாலும் குறை, குறைதான். ஏத்துன்னு ஒரு தடவ சொல்லியிருப்பியா நீ?” என்று கேலி செய்வார்.

“ஏத்துறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

வீட்டிலும் அதே கைதான். இவருக்குக் கோபம் வந்து கத்தத் தொடங்கினால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அடுப்படியில் நின்றபடியே கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தரம் அமுக்குவாள். குழந்தையாக இருந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, அவளும் ஒரு குட்டிக் கையை நீட்டி அமுக்குவாள். அதற்குமேல் யார் கத்துவது? பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இவருக்கு இடது காது மந்தமாகிப்போன பிறகு, தொழிலே அவள் கையில்தான் ஓடியது.

கோளாறு தொடங்கியதும் அந்தக் கையில்தான். ஒரு பள்ளி விழாவில் ‘குறை’ என்று காட்டினாள், குறைத்தார். மறுபடியும் காட்டினாள், குறைத்தார். செட்டை அணைத்த பிறகும் காட்டிக்கொண்டே நின்றாள். இன்னொரு நாள் எல்லாம் கழற்றி வேனில் ஏற்றி, அரைவாசி வழி வந்த பிறகுதான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது உறைத்தது. திரும்பிப் போனால், விளக்கெல்லாம் அணைத்த மண்டபத்தில் கடைசி மூலையிலேயே நிற்கிறாள். “நீங்க இன்னும் ஹலோ சொல்லவே இல்லையே” என்றாள்.

மருத்துவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல எல்லாம் மறந்துபோகும் என்றார். அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குள் தானும் இருப்போம் என்று மைக்செட்காரர் நினைக்கவில்லை. முதலில் உப்புப் போட்டது மறந்து இரண்டாவது தரம் போட்டாள். பிறகு கதவைத் திறக்க மறந்தாள். பிறகு ஒரு காலையில் டீ டம்ளரை நீட்டியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்றிண்ணே. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன்” என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு வேடம். ஒன்று, வீட்டில் ஏதோ உதவிக்கு இருக்கும் ஓர் அண்ணன். இன்னொன்று, எப்போது வருவார் என்று அவள் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் மைக்செட்காரர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, “வந்துருவாரும்மா, வந்துருவாரு” என்பார்.

மகள் வேறு ஊரில் தையல் ஆலையில் மேற்பார்வை வேலை பார்க்கிறாள். சின்ன வீடு, மாற்றி மாற்றி வரும் ஷிப்டு. நினைவு தப்பியவர்களுக்கென்று இருக்கும் இல்லம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“நல்ல இடம்ப்பா. நர்ஸ் இருக்காங்க. முன்னாடி செடியெல்லாம் வச்சிருக்காங்க.”

“உங்கம்மா என்ன ஆடா, செடியப் பாத்து சந்தோஷப்பட?”

“விளையாடாதீங்க. நீங்க வேலைக்குப் போற நேரத்துல ஒரு தடவ வெளிய இறங்கிப் போயிட்டாங்கன்னா?”

“வேலைக்கும் கூட்டிட்டுத்தான் போறேன். எப்பவும் வந்தவதானே. இதப் பாரும்மா, ஒரே ஒரு தடவ உங்கம்மா என் கண்ண விட்டு மறைஞ்சா, அன்னைக்கே நீ சொல்றதுக்குக் கட்டுப்படுறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்.”

பழைய நினைப்பில், மகள் ஒரு கையை நீட்டி இரண்டு தரம் அமுக்கினாள். தான் கத்திவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சொன்னபடியே கண்ணை விட்டு மறையாமல் வைத்திருந்தார். வேலை செய்யும்போது அவளை ஆம்ப்ளிஃபயர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைப்பார். மெல்லிய மைக் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அவள் மணிக்கட்டில் துணி சுற்றி அதன்மேல் தளர்வாகக் கட்டுவார். மறுமுனை இவர் பெல்ட்டில். அவள் எழுந்தால் இடுப்பில் இழுக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முதல் தடவை கூசியது. பிறகு பழகிவிட்டது. அவளும் அதை வளையல்போல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி இருக்கையில்தான் ஓர் இளைஞன் செட்டு கேட்டு வந்தான்.

“என்ன விழா தம்பி?”

“ஜாம்பி நடைங்க. செத்தவங்க எழுந்து வந்த மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு எல்லாரும் தெருவுல நடப்போம்.”

“எதுக்கு?”

“எதுக்கும் இல்லைங்க. சும்மா ஜாலிக்கு.”

“செத்தவங்களுக்கு எதுக்குப்பா மைக்செட்டு?”

“உயிரோட இருக்குறவங்க வேடிக்கை பாக்க வருவாங்கல்ல, அவங்களுக்கு.”

பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. பகல் வேலை, ஒரே மைதானம். ஊர்வலம் அங்கிருந்து கிளம்பிக் கடைவீதியைச் சுற்றி அங்கேயே திரும்பி வரும். இவர் இடத்தை விட்டு நகரவே வேண்டாம். ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு மைதானம் இருந்த இருப்பைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகம் அழுகியவர்கள் டீக்கடையில் வரிசையில் நின்று, சர்க்கரை கம்மியாகக் கேட்டார்கள். வயிறு கிழிந்து குடல் தொங்கிய ஆள் ஒருவன், வண்டியை எங்கே நிறுத்துவது என்று காவலாளியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கல்யாண உடையில் ரத்தம் வழிய ஒரு பெண், உதட்டுச் சாயம் கலையாமல் குழல் வைத்து இளநீர் குடித்தாள். செட்டு பேச வந்த இளைஞன், கோட்டும் டையுமாக, மண்டையில் பிளாஸ்டிக் கோடாலி பதித்துக்கொண்டு செத்த மாப்பிள்ளையாக ஓடித் திரிந்தான்.

“பாத்தியாம்மா, ஊருல ஒருத்தன் பாக்கி இல்ல, எல்லாம் போய்ச் சேந்துட்டானுங்க” என்றார் மனைவியிடம்.

அவள் பூப்போட்ட நைட்டியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் எவ்வளவு கெஞ்சியும் உடை மாற்ற விடவில்லை, தலை சீவவும் விடவில்லை. நரைத்த முடி தோளெல்லாம் விரிந்து கிடந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. வயரைத் திருப்பிக்கொண்டே, “மைக்செட்காரர் வந்துட்டாரா?” என்றாள்.

“வந்துட்டே இருக்காரு.”

கிளம்பும் நேரம் வந்தது. மேடையில் ஒரு பெண் விதிமுறைகளைச் சொல்லத் தொடங்கினாள். “கிளம்புனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. உறுமலாம், முனகலாம். பேசினா போட்டியில இருந்து வெளிய. ரொம்ப நல்லா நடக்குற ஜாம்பிக்கு...” என்றதோடு குரல் நின்றுபோனது. வாய் மட்டும் அசைந்தது. காலை இழுத்து நடந்து பழகிய கூட்டத்தில் யாரோ ஒருவன் மேடை வயரை இழுத்துவிட்டான். வயர் நுனியில் செருகும் ஜாக் பிய்ந்து தொங்கியது. ஆயிரம் பிணங்கள் ‘ஓ’வென்று கத்தின. செத்த மாப்பிள்ளை கோடாலியோடு ஓடி வந்தான்.

“ஐயா, மைக் போயிருச்சு! சீக்கிரம்!”

மைக்செட்காரர் வேனுக்குள் கையை விட்டுத் துழாவினார். இருந்த வயரெல்லாம் பெட்டிகளுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அது அவள் மணிக்கட்டில் இருந்தது.

செட்டு போட்டு இத்தனை வருஷத்தில் மேடையில் குரல் அறுந்து அவர் நின்றதில்லை. குரல் அறுந்தால் கை தன்னால் வயரைத் தேடும், அது அவர் யோசித்துச் செய்கிற வேலை இல்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்தார். “ஒரு நிமிஷம். இங்கேயே இரு, என்ன? இதோ வந்துர்றேன்.” மேடைக்கு ஓடினார். பழையதைப் பிடுங்கி இதைச் செருகி, “ஹலோ” என்றார். பேசியது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டு ஒரு நொடி அவரும் மகிழ்ந்து நின்றார். பாட்டு கிளம்பியது, மைதானத்து வாசல் திறந்தது, பிணங்களெல்லாம் முனகிக்கொண்டு தெருவுக்குப் பெருகி ஓடின.

மேசைக்குத் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கீழே ஒற்றைச் செருப்பு கிடந்தது.

வேனுக்கு அடியில் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு அவரும் தெருவுக்கு ஓடினார். மெதுவாக நடக்கும் ஒருத்தியை மெதுவாக நடக்கும் ஆயிரம் பேருக்குள் எப்படித் தேடுவது? தலைவிரி கோலமாக ஒருத்தி தெரிந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பினால், ஒரு கண் கன்னத்தில் தொங்கும் இளம்பெண். “ர்ர்ர்...” என்று அவர் முகத்துக்கு நேரே உறுமினாள். இன்னொருத்தி நைட்டியில் போனாள். அது நைட்டி போட்ட ஆண்.

“தம்பி, வயசான அம்மா ஒருத்தர இந்தப் பக்கம் பாத்தீங்களா?”

“ம்ம்ம்ம்ஊ...”

“தம்பி, விளையாட்டு இல்லப்பா. நெஜமாக் கேக்குறேன்.”

அவன் பல்லைக் காட்டிக்கொண்டு அவர் கழுத்தைக் கடிக்க வந்தான். சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பேசினால் போட்டியில் இல்லை, யார் பேசுவார்கள்? சந்தில் ஒரு போலீஸ்காரர் முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்ததும் உயிர் வந்தது. “ஐயா, ஐயா” என்று ஓடினார். போலீஸ்காரர் திரும்பினார். அவருக்குப் பாதி முகம் இல்லை.

கடைசியில், கையில் பட்டை கட்டிய தொண்டர் பெண் ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள்.

“எப்படி இருப்பாங்க, அடையாளம் சொல்லுங்க.”

“தலைய விரிச்சுப் போட்டு, அழுக்கு நைட்டி. ஒரு காலுல செருப்பு இருக்காது. மெதுவா நடப்பா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. கண்ணு நம்மளப் பாக்கும், ஆனா...”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “ஐயா, இங்க எல்லாருமே அப்படித்தானே இருக்காங்க.”

ஊர்வலம் கடைவீதியைச் சுற்றி மைதானத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவரும் அதோடு வந்து மேடையில் ஏறினார். ஊருக்கே மைக் போட்டவர், தன் பேச்சு என்று ‘ஹலோ’வுக்கு மேல் ஒரு வார்த்தை அதில் பேசியதில்லை.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. என் வீட்டம்மாவக் காணோம். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பேரு கேட்டாச் சொல்லத் தெரியாது. உங்க நடுவுலதான் எங்கயோ நடந்துக்கிட்டு இருக்கா. வேஷம் இல்லைங்க. நெஜமாவே அவ அப்படித்தான்.”

மைதானம் முழுக்க விசிலும் உறுமலும் வெடித்தன. செத்த மாப்பிள்ளை கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். “ஐயா, சூப்பர்! நீங்களும் நடிப்பீங்கன்னு சொல்லவே இல்லையே!”

மைக்செட்காரர் மேடையிலிருந்து இறங்கினார். மைக்கை வயரோடு பிடுங்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். வேனை ஒட்டிய மேசையில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் அதை நேரே செருகினார். அவர் குமிழைப் பாதிக்கு மேல் திருகியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அது போகும் மட்டும் திருகினார். முட்டி கதற ஏணியில் ஏறி வேன் கூரையில் நின்றார்.

“ஹலோ... ஹலோ... கடைசி மூலை, கேக்குதா?”

ஆயிரம் கைகள், விரல் கோணி, நகம் கறுத்து, எழுந்தன. எல்லாம் ஜாம்பிக் கைகள். அதில் எது அவளுடையது?

அப்போதுதான் அதைச் செய்தார். கையிலிருந்த மைக்கைக் கொண்டுபோய், கூரையில் கட்டியிருந்த ஹார்னின் வாய்க்கு நேரே பிடித்தார்.

செட்டு கூவியது. அவருடைய செட்டு, பிறந்ததிலிருந்து கூவாத செட்டு, வானமே கிழிகிறதுபோல் கூவியது. மைதானத்தில் இருந்த அத்தனை கைகளும் மடங்கிக் காதைப் பொத்தின. அதுவரை பேசாமல் நடந்த பிணங்களெல்லாம், “யோவ், நிறுத்துய்யா!” என்று கத்தின. அவர் நிறுத்தவில்லை. மந்தமான இடது காதை ஹார்ன் பக்கம் காட்டிக்கொண்டு, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரே ஒரு கை எழுந்தது. மைதானத்தின் கடைசி மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். உள்ளங்கை தரையைப் பார்த்தது. அமுக்கியது. மறுபடி அமுக்கியது. குறை, குறை.

மைக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

யாரோ போகிற வழியில் அவள் முகத்தில் வெள்ளைச் சாயம் அப்பி, வாயைச் சுற்றிச் சிவப்பு பூசிவிட்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் கையை இறக்கிவிட்டுச் சலிப்போடு சொன்னாள்:

“அண்ணே, அங்க மைக்செட்காரர் இருப்பாரு. கூவுதுன்னு போய்ச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. கோவிச்சுக்குவாரு. ஆனா கேப்பாரு.”

அவர் சட்டை நுனியை எச்சிலில் நனைத்து அவள் வாயைத் துடைக்கத் தொடங்கினார். சிவப்பு போனது, வெள்ளை போகவில்லை. அதற்குள் செத்த மாப்பிள்ளையும் நடுவர்களும் ஓடி வந்தார்கள். “அம்மாவுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்! ஒரு இடத்துலகூட கேரக்டர விட்டு வெளிய வரலையே!” என்று மாப்பிள்ளை, பிளாஸ்டிக் மண்டையோடு வைத்த கிரீடத்தை அவள் தலையில் வைத்தான். வைத்த பிறகுதான் துடைத்துக்கொண்டிருந்தவரின் முகத்தைப் பார்த்தான். மேடையில் அவர் சொன்னதெல்லாம் அப்போது அவனுக்குப் புரிந்தது. தலையிலிருந்த கோடாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா... எனக்கு... ஐயா...” என்றான்.

இளநீர் குடித்த கல்யாணப்பெண் மண்டியிட்டு, தன் செருப்பைக் கழற்றி அவளுடைய வெறுங்காலில் மாட்டப் போனாள். காலைத் தொட்டதும் கையை எடுத்துப் பார்த்தாள். “ஐயோ, இது கலர் இல்ல! நெஜ ரத்தம்!” என்றாள். கண்ணாடித் துண்டு ஒன்று பாதத்தில் ஏறியிருந்தது. ரத்தத்தோடு கடைவீதி முழுக்க நடந்திருக்கிறாள். அங்கே யாருடைய ரத்தத்தை யார் பார்ப்பார்கள்? ஜாம்பிகள் எல்லாம் சேர்ந்து அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அப்படியே தூக்கி வேன்வரை கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்தரும் உறுமவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பொய் ஒன்றைத் தயார் செய்துகொண்டே வந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டது. வாசலில் முள் குத்தியது. மகளுக்கு எது பொருந்தும்? கிடைத்துவிட்டாளே, பிறகென்ன? கண்ணை விட்டு மறைந்ததாகக் கணக்கா இது? பாதத்துக்குக் கட்டுப் போட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு வீடியோ படம் வந்தது. கூடவே அவள் குரலும் வந்தது, சிரிப்போடு:

“அப்பா, நீங்க செட்டு போட்ட விழா இதுதானா? இங்க ஆலையில எல்லாரும் இதத்தான் பாக்குறாங்க. அந்தப் பாட்டி நடக்குறதப் பாருங்களேன், செம நடிப்பு!”

அவர் படத்தை ஓட விட்டார். கடைவீதி. வெள்ளை முகத்தோடு அவள் நடு ரோட்டில் போகிறாள். ஜாம்பிகள் ஓரமாக ஒதுங்கி, அவளுக்கு வழி விட்டுக் கைதட்டுகிறார்கள். குறுக்குத் தெருவிலிருந்து ஒரு லாரி திரும்புகிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. லாரி கிறீச்சிட்டு அவள் முழங்கையை உரசுகிற தூரத்தில் நிற்கிறது. அவள் நடையை மாற்றாமல் போகிறாள். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டுகிறது.

அதை அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“பாத்தீங்களாப்பா?”

“பாத்தேன்.”

“செமல்ல?”

“அது உங்கம்மாடா.”

அந்தப் பக்கம் தையல் எந்திரங்கள் ஓடும் சத்தம். அதற்கு நடுவே, “எனக்கே... எனக்கே தெரியலையேப்பா” என்றாள்.

“பெயிண்டு அடிச்சிருந்தாங்கம்மா. யாரா இருந்தாலும் தெரியாது. அழாத.” அவர் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார். “அந்த இடத்துல செடியெல்லாம் இருக்குன்னியே. கேட்டுப் பாரு. நான் வார்த்தை குடுத்தேன்ல.”

“அப்பா, இப்ப அதெல்லாம்...”

“கேட்டுப் பாரும்மா” என்றார் சத்தமாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவர் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அமுக்கினாள்.

காதம்மா இப்போது அந்த இல்லத்தில் இருக்கிறாள். பாதம் ஆறிவிட்டது. கையால் சைகை காட்டுவதும் நின்றுவிட்டது என்று நர்ஸ்கள் சொல்கிறார்கள். மைக்செட்காரர் வேலை இல்லாத நாளெல்லாம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். அடுத்த வருஷம் ஜாம்பி நடைக்குக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. மற்ற விழாக்களுக்குப் போகிறார். குமிழைத் திருகிவிட்டு, தானே கடைசி மூலைவரை நடந்து போய்க் கேட்டுவிட்டு, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் குறைக்கிறார்.